குடைப் படம்

மேட்டு வீடு,
மார்ச் 4

அன்புள்ள கம்பிக்கு,

அத்தை எழுதுறேன். முதல்ல "அன்புள்ள மருமகளுக்கு"ன்னுதான் ஆரம்பிச்சேன். கோர்ட்டுல காகிதம் கொடுத்தப்புறம் அப்படி எழுதலாமா கூடாதான்னு தெரியல. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு, நான் உனக்கு வச்ச பேரையே எழுதிட்டேன். எப்பப் பாத்தாலும் கையில கம்பியும் ஈயம் பத்தவைக்கிற கோலுமா அலைஞ்சவதானே நீ.

நலமான்னு அப்புறம் கேக்குறேன். முதல்ல என் கோபத்தைச் சொல்லிடுறேன்.

நீ செஞ்சு கொடுத்த சேதிப் பெட்டியை நான் ராத்திரி தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் படுக்கிறேன். "இந்த மேட்டுல போன் சிக்னல் கிடைக்காட்டி என்ன அத்தை, பெட்டிக்குப் பெட்டி கைமாத்தி, தண்ணித் தொட்டி மேல இருக்கிற பெட்டி வழியா, கீழே டவுன்ல என் ரூம் வரைக்கும் சேதி வந்துடும். நம்ம அஞ்சு பேரைத் தவிர யாராலயும் படிக்க முடியாது"ன்னு சொல்லிச் சொல்லிக் கொடுத்தே. அஞ்சு பேர் யாரு? நீ, நான், உன் மாமா, உனக்கு வீட்டுக்காரனா இருந்த என் மகன், மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்த என் மக. அதுல ஒரு மாசமா நீ மட்டும் வாயே திறக்கல. தினமும் காலையில "அத்தை, சாப்டீங்களா"ன்னு வரும். இப்ப பெட்டி ஊமையா கெடக்கு.

உனக்கும் என் மகனுக்கும் ஒத்துவரல, பிரிஞ்சீங்க. அதுல நான் ஒரு வார்த்தை பேசினேனா? பேசல. ஆனா உனக்கும் எனக்கும் எப்ப ஒத்துவராம போச்சு? அதை மட்டும் சொல்லு.

மாமா வழக்கம்போல காட்டுத்தீ பாக்கிற கோபுரத்துல போய் உக்காந்துட்டார். ஞாயித்துக்கிழமை சாமான் எடுக்க இறங்கி வந்தவர்கிட்ட, "அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேச மாட்டேங்குதே"ன்னு புலம்பினேன். "அவ நல்லாத்தான் இருக்கா. காலையில சாப்பிடாமதான் ஓடுறா"ன்னு சொல்றார். ஏதோ நேர்ல பாத்துட்டு வந்த மாதிரி. அந்த மனுஷன் எப்பவும் உன் கட்சி.

மாட்டு மருந்தகத்துல வேலை சரியா இருக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையே ஒரு ஆடு தின்னுட்டுப் போயிடுச்சு. என்ன மருந்து எழுதினார்னு அவருக்கும் ஞாபகம் இல்ல, ஆட்டுக்கும் சொல்லத் தெரியல. வீட்டுல பழுப்புக் கம்பளியைக் காணோம். மாமாவைக் கேட்டா எலி இழுத்துட்டுப் போயிருக்கும்ங்கிறார். அவ்வளவு பெரிய கம்பளியை இழுக்கிற எலியை நான் பாத்ததில்ல.

பால் வண்டிக்காரர்கிட்ட இதைக் கொடுத்து அனுப்புறேன். பதில் எழுது. எழுத இஷ்டமில்லன்னா அதையாவது எழுது.

கோபத்தோட,
அத்தை


டவுன்,
மார்ச் 8

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்க லெட்டரை ஆபீஸ் படிக்கட்டுல உக்காந்து படிச்சேன். படிச்சு முடிச்சு உள்ளே போக முடியல. சிரிப்பும் வருது அழுகையும் வருது. என்னைப் பாத்துட்டு வாட்ச்மேன் தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்.

அத்தை, நான் ஒரு நாள் விடாம எழுதினேன். தினமும் காலையில, பஸ்ஸுக்கு ஓடுறதுக்கு முன்னாடி. பால் பொங்கி அடுப்பு நாசமானது, கீழ் வீட்டுக்காரங்க புது நாய் வாங்கினது, எனக்கு ஜுரம் வந்தது, எல்லாம். ஒவ்வொண்ணுக்கும் டிக் விழுந்துச்சு. டிக் விழுந்ததால நீங்க படிக்கிறீங்கன்னு நினைச்சேன். படிச்சுட்டும் பதில் போடலன்னா, இனிமே வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன். உங்க வாயால அதைக் கேக்கப் பயந்துகிட்டு, கேக்காமலே எழுதிட்டு இருந்தேன்.

இந்த டிக்கை வச்சதே நான்தான். அதனால வெக்கமா இருக்கு. அதுக்கு "அத்தை படிச்சுட்டாங்க"ன்னு அர்த்தமே இல்ல. வழியில ஏதோ ஒரு பெட்டி அந்தச் சேதியை வாங்கி அடுத்த பெட்டிக்குக் கொடுத்துடுச்சுன்னுதான் அர்த்தம். தண்ணித் தொட்டிப் பெட்டி ஊர்ல எல்லார் சேதியையும் சுமக்கும். எந்தச் சேதிக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அது சுமந்துச்சு, எனக்கு டிக் விழுந்துச்சு. நான்தான் அதுல உங்க முகத்தைப் பாத்துக்கிட்டேன்.

ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க பெட்டித் திரையில மேல் மூலையில குட்டியா ஒரு படம் இருக்கும். நம்ம குழுவோட சாவியிலருந்து பெட்டியே தானா வரையிற படம் அது. சாவி ஒண்ணா இருந்தாத்தான் படமும் ஒண்ணா இருக்கும். யாரும் தன் இஷ்டத்துக்கு மாத்த முடியாது. நம்மளோடது குடை. என் பெட்டியில இப்பவும் குடைதான் இருக்கு. உங்களுதுல என்னன்னு பாத்துச் சொல்லுங்க.

இன்னொண்ணு. கம்பளிக்கு நன்றி. ஜுரம்னு எழுதின ரெண்டாவது நாளே பால் வண்டிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். யார் கொடுத்தாங்கன்னு கேட்டா சிரிச்சுட்டுப் போயிட்டார். பேசத்தான் மாட்டேங்கிறீங்க, குளிரக்கூடாதுன்னு மட்டும் நினைக்கிறீங்களேன்னு அன்னிக்கு அதைப் போத்திக்கிட்டு ரொம்ப நேரம் அழுதேன். எலியை விட்டுடுங்க, பாவம்.

ஆடு இப்ப எப்படி இருக்கு?

அன்புடன்,
கம்பி


மேட்டு வீடு,
மார்ச் 13

அம்மாடி கம்பி,

கம்பளியா? நான் எங்கேடி அனுப்பினேன்? நீ ஜுரமா கெடந்ததே உன் லெட்டரைப் பாத்துத்தான் எனக்குத் தெரியும். அந்த வண்டிக்காரரை நாளைக்குப் பிடிச்சு உலுக்குறேன். அது கெடக்கட்டும், முதல்ல விஷயத்துக்கு வரேன்.

என் பெட்டியில குடை இல்ல. மீன் இருக்கு. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பாத்தேன், மீனேதான். என் மகளைக் கேட்டேன், அவளுதுலயும் மீன்.

போன மாசம் லீவுல வந்தப்ப என் மகன் "பேட்டரி மாத்தித் தரேன்"னு என் பெட்டியை வாங்கிட்டுப் போனான். நீயும் அவனும் சேந்துதானே அப்ப வீட்டுல உக்காந்து இதெல்லாம் சோதிச்சுப் பாத்தீங்க, அவனுக்கா தெரியாது? இந்த ஞாயித்துக்கிழமை வந்தவனை அடுப்படியில நிக்க வச்சுக் கேட்டேன். பூசி மெழுகப் பாத்தான். கரண்டியைக் கீழே வச்சுட்டு முறைச்சதும் உண்மையைச் சொல்லிட்டான். என் பெட்டி, தங்கச்சி வீட்டுக்குப் போய் அவ பெட்டி, அவன் பெட்டி மூணுக்கும் புதுச் சாவி போட்டிருக்கான். அப்பா பெட்டிக்குப் போடலையான்னு கேட்டேன். "அவர் அதைத் தொடுறதே இல்லம்மா, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்"ங்கிறான். அதுவும் சரிதான். உன் மாமா அதை ஆன் பண்றாரோ இல்லையோ, யார் கண்டா. இந்நாள் வரைக்கும் அதுல ஒரு எழுத்து அடிச்சதில்ல, அந்தக் கல்லுளிமங்கன்.

"ஏன்டா இப்படிப் பண்ணே"ன்னா, அவனுக்குப் பொண்ணு பாத்திருக்கு. உனக்கு நானே சொல்லணும்னுதான் இருந்தேன், இப்படிச் சொல்ற மாதிரி ஆயிடுச்சு. நல்ல பொண்ணு, பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக் கொடுக்குது. "கல்யாணப் பேச்செல்லாம் நாம இதுலதானே பேசுவோம், அதைக் கம்பி படிச்சுட்டு இருக்கணுமாம்மா?"ன்னு கேட்டான். அதுக்கப்புறமும் திட்டினேன், ஆனா பாதித் திட்டோட நிறுத்திட்டு அவனுக்குச் சோத்தைப் போட்டேன்.

எனக்கு ரெண்டு பேரும் வேணும். இதுல நான் என்ன பண்ணணும்னு நீயே சொல்லு. உனக்குத்தானே இந்தப் பெட்டியைப் பத்தித் தெரியும்.

ஆடு நல்லா இருக்கு. நேத்து காலண்டரைத் தின்னுச்சாம்.

அத்தை


டவுன்,
மார்ச் 19

அன்புள்ள அத்தைக்கு,

அவரைத் திட்டாதீங்க. அவர் கேட்டது நியாயம்தான். புதுசா ஒரு பொண்ணு வரப்போற வீட்டுப் பேச்சை நான் ஏன் படிக்கணும்? நான் அவர் இடத்துல இருந்தாலும் எடுத்திருப்பேன். ஆனா சொல்லிட்டு எடுத்திருப்பேன்.

ஒரு குழுவுலருந்து ஒருத்தரை எடுக்கிறதுங்கிறது, வெளியே இருக்கிறவங்க நினைக்கிற மாதிரி இல்ல அத்தை. அவங்க பெட்டிக்குள்ள கையை விட்டு சாவியைப் பிடுங்க முடியாது. ஒருத்தர்கிட்ட ஒரு தடவை போன சாவி போனதுதான். யாரையும் வெளியே தள்ள முடியாது, மத்தவங்கதான் புதுச் சாவி எடுத்துக்கிட்டு வேற வீட்டுக்குக் குடி போகணும். பழைய வீட்டுல அந்த ஒரு ஆள் மட்டும் இருப்பாங்க. விளக்கு எரியும், கதவு திறக்கும், டிக் விழும். எல்லாரும் இருக்காங்கன்னு நினைச்சுப் பேசிட்டே இருப்பாங்க. ஒரு மாசம் நான் பேசின மாதிரி.

இதை நான் படத்துல வரைஞ்சு, எத்தனையோ தடவை ஆபீஸ்ல விளக்கியிருக்கேன். அந்த ஆள் நானா இருப்பேன்னு தோணினதே இல்ல.

போன வாரம் பூரா எங்க ஆபீஸ்ல சண்டை. என் பக்கத்து மேசைக்காரரைப் பத்திச் சொல்லியிருக்கேனே, கண்ணாடின்னு கூப்பிடுவோமே, அவர்கூடத்தான். அடுத்த மாசம் இந்தப் பெட்டியைப் பிரசவம் பாக்கிற நர்ஸுங்களுக்குக் கொடுக்கப் போறோம். "குழு மாறினதைப் பழைய ஆளுக்கு ஏன் சொல்லணும்? திருட்டுப் போன பெட்டியா இருந்தா? திருடனுக்குத் தகவல் கொடுப்பியா?"ன்னு கேக்குறார். அவர் சொல்றதுலயும் அர்த்தம் இருக்கு. நான் உங்க லெட்டரை மட்டும் மடியில வச்சுக்கிட்டு, ஒரு நர்ஸம்மா சாவி மாறினது தெரியாம "ரத்தம் நிக்கல, வண்டி அனுப்புங்க"ன்னு பழைய குழுவுல அடிச்சு, டிக் விழுந்ததைப் பாத்துட்டு வண்டிக்குக் காத்திருந்தா என்ன ஆகும்னு கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். துடைச்சுட்டு, "உனக்கு இது நடந்துச்சா"ன்னார். ஆமான்னேன்.

இப்ப மாத்திட்டோம். குழுவுல இருக்கிற யாராவது ஒருத்தர் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் டிக். அதுவரைக்கும் "வழியில இருக்கு"ன்னு மட்டும் காட்டும். எல்லாரும் குடி மாறிப் போனா, பழைய குழுவுக்குக் கடைசியா ஒரு சேதி தானா போகும்: "இந்தக் குழு மூடப்பட்டது. மற்றவர்கள் வேறிடம் போய்விட்டார்கள்." திருட்டுப் போன பெட்டின்னா மட்டும் அதை நிறுத்தி வைக்கலாம். அந்தச் சேதியை எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க. நான்தான் எழுதினேன். எழுதி முடிச்சதும் முதல்ல குடைக் குழுவுல எனக்கே அனுப்பிச் சோதிச்சேன். திரையில வந்துச்சு. படிச்சேன். நல்லாத்தான் வேலை செய்யுது.

அதனால நீங்க என்ன பண்ணணும்னு சொல்றேன் அத்தை. ஒண்ணும் பண்ண வேணாம். மீன் உங்க குழு. யார் உள்ளே இருக்கணும்னு உள்ளே இருக்கிறவங்கதான் முடிவு பண்ணணும், அதுதான் நான் இதை இப்படிச் செஞ்சதுக்கே காரணம். என் பெட்டி உங்க வீட்டுச் சாமான். குடையை அழிச்சுட்டு, சுத்தமா துடைச்சு, பால் வண்டிக்காரர்கிட்ட கொடுத்திருக்கேன். வரப்போற பொண்ணுக்கு வச்சுக்கோங்க. சாவியை மட்டும் நேர்ல கொடுங்க. ரெண்டு பெட்டியையும் ஒட்டி வச்சு, ரெண்டு பேரும் பொத்தானை அழுத்தணும். அது காத்துல போகவே போகாது, அப்படித்தான் வச்சிருக்கேன்.

கம்பளியை மட்டும் நான் வச்சுக்கலாமா? யார் அனுப்பியிருந்தாலும்.

நான் நல்லா இருக்கேன். இனிமே காலையில சாப்பிட்டுட்டுத்தான் கிளம்புவேன்.

இதுல எந்த முறையில கையெழுத்துப் போடுறதுன்னு எனக்கும் தெரியல.

கம்பி


மேட்டு வீடு,
மார்ச் 22

கம்பி,

பெட்டி வந்துச்சு. துணியில சுத்தி, மூலையெல்லாம் துடைச்சு, யாரோ அந்நியத்துக்குத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி அனுப்பியிருக்கே. சார்ஜ் வேற ஏத்தி அனுப்பியிருக்கே.

இப்ப எழுதினா ஏதாவது எழுதிடுவேன். அப்புறம் எழுதுறேன்.

அத்தை


மேட்டு வீடு,
மார்ச் 30

என் மருமகளுக்கு,

ஆமா, அப்படித்தான் எழுதியிருக்கேன். கோர்ட்டுல வந்து கேக்கட்டும்.

இந்த லெட்டரை நீ உக்காந்து படி. படிக்கட்டுல வேணாம், வாட்ச்மேன் பாவம்.

போன செவ்வாய்க்கிழமை மருந்தகத்துல ஒரு எருமைக்கு வயிறு ஊதிப்போய், நான் முழங்கை வரைக்கும் எண்ணெயா நிக்கிறேன். வாசல்ல உன் மாமா. ஞாயித்துக்கிழமை தவிர கோபுரத்தை விட்டு இறங்காத மனுஷன். பொழுது விடிஞ்சதும் கிளம்பி மலை இறங்கி வந்திருக்கார். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, தீ கீ பிடிச்சுடுச்சோன்னு. மூச்சு வாங்க நின்னுட்டுக் கேக்கிறார்: "அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"எந்தப் பொண்ணுக்கு?"ன்னேன்.

"நம்ம கம்பிக்கு. சில நாளா காலையில ஒண்ணுமே வரல."

எங்கே வரலன்னு கேட்டேன். சட்டைப் பையிலருந்து பெட்டியை எடுத்து நீட்டினார். எண்ணெய்க் கையைப் புடவையில துடைச்சுட்டு வாங்கிப் பாத்தேன். மூலையில குடை.

அம்மாடி, எல்லாம் அதுல இருந்துச்சு. பால் பொங்கினது, நாய் வாங்கினது, ஜுரம், "இன்னிக்கும் சாப்பிடல, திட்டுங்க"ன்னு எழுதினது. "கோபமா அத்தை?"ன்னு கேட்டது. "உங்களைத் தொந்தரவு பண்றேனோ"ன்னு கேட்டது. கடைசியா அந்தக் "குழு மூடப்பட்டது". எருமையை டாக்டர் தலையில கட்டிட்டு அங்கேயே பெஞ்சுல உக்காந்து ஒண்ணு விடாம படிச்சேன். நல்லா அழுதேன். எருமைக்காரர் பயந்துட்டார், மாடு போயிடுச்சோன்னு.

அந்த மனுஷன் தினமும் காலையில கோபுரத்து ஏணியில உக்காந்து இதைப் படிச்சுட்டுத்தான் டீ போட்டிருக்கார். என் மகன் விட்டுவச்ச ஒரே பெட்டி அதுதானே. "எல்லாரும் படிக்கிறீங்கன்னு நினைச்சேன்"ங்கிறார். சரி, பதில் போட்டிருக்கலாமேன்னா, "என்னையா கேட்டா? அத்தைன்னுதானே போட்டிருந்தா"ங்கிறார். ஒரு மாசமா நான் எழுதினது எதுவும் உங்களுக்கு வரலையே, அதாவது சந்தேகம் வரலையான்னு கேட்டேன். "நிம்மதியா இருந்துச்சு"ன்னார். இந்த ஆளை என்ன பண்றது, நீயே சொல்லு.

கம்பளியும் அவர்தான். நீ ஜுரம்னு எழுதின அன்னிக்கு ஞாயித்துக்கிழமையா இருந்திருக்கு. சாமான் எடுக்க வந்தவர் மடிச்சு எடுத்துட்டுப் போய் வண்டிக்காரர்கிட்ட கொடுத்து, "யார்னு சொல்ல வேணாம்"னும் சொல்லியிருக்கார். ஏன்னு கேட்டேன். "சொன்னா அது நன்றி எழுதும், அதுக்கு நான் பதில் அடிக்கணும்"ங்கிறார். எலி மேல பழியைப் போட்டதுக்கு மட்டும் கொஞ்சம் வெக்கப்பட்டார்.

இப்ப நீ சொன்னதை உனக்கே சொல்றேன். யாரையும் வெளியே தள்ள முடியாது, மத்தவங்கதான் குடி போகணும்னு எழுதினியே. அப்ப குடி போனது நாங்க. நீ போகலையே. நீ வீட்டுலயேதான் இருந்திருக்கே, உன் மாமாவும் கூடவே இருந்திருக்கார். அந்தக் கடைசிச் சேதி பொய். குழு மூடல.

என் மகன்கிட்டயும் சொல்லிட்டேன். கல்யாணப் பேச்சு மீன்ல பேசுவோம், அது உன் இஷ்டம், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. குடை என் இஷ்டம். அவன், "சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும்மா, அவகிட்டயும் சொல்லிடு"ன்னான். சொல்லிட்டேன்.

அடுத்த நாளே மாமா பெட்டியையும் என் பெட்டியையும் ஒட்டி வச்சு அழுத்தினோம். எனக்கு இப்ப மீனும் இருக்கு, குடையும் இருக்கு. மாமாவுக்கு மீன் வேணுமான்னு கேட்டேன். "அங்கே பேசுறதை நீ சொல்லாமயா இருக்கப் போறே"ன்னுட்டார்.

சாவி நேர்ல வந்துதான் கொடுக்கணும், காத்துல போகாதுன்னு சட்டம் போட்டவ நீ. அதனால வியாழக்கிழமை மருந்தகத்துக்கு லீவு சொல்லியிருக்கேன். உன் பெட்டியையும் என் பெட்டியையும் எடுத்துக்கிட்டு காலை பஸ்ல வரேன். பஸ் ஸ்டாண்டுல நில்லு. சாப்பிட்டுட்டு நில்லு.

கீழே உன் மாமா ஏதோ எழுதணும்னார். பேனாவைப் பிடிச்சுக்கிட்டு இந்தத் தாள் முன்னாடி எவ்வளவு நேரம் உக்காந்திருந்தார்னு கேக்காதே.

அன்போட,
உன் அத்தை

கம்பிக்கு,
காலையில ஒண்ணும் வராம டீ குடிக்க முடியல. இனிமே மாமான்னும் போடு. பதில் அடிக்கிறேன்.
மாமா